வலிவுள்ள வரையில்!

சாவதற்குத் தடை போட்ட ஊர் ஒன்று உலகில் இருக்கிறதாம்! வடதுருவத்துக்கு அருகே, நார்வே நாட்டின் ஆட்சியில் உள்ள சுவால்பார்டு தீவுக் கூட்டத்திலே, லாங்யியர்பியன் என்று பெயராம் அந்த ஊருக்கு. அங்கே எவரும் இறக்கக் கூடாதென்று சட்டம் செய்திருக்கிறார்களாம். ஏடுகளிலே எழுதுகிறார்கள், படம் போட்டுக் காட்டுகிறார்கள், கேட்பவர் வாய் பிளக்கிறார், பிறகு தம் பங்குக்கு இரண்டொரு சொல் சேர்த்து அடுத்தவர் காதில் போடுகிறார். எமனையே எல்லைக்கு வெளியே நிறுத்திய ஊர் என்றால் சுவையான செய்திதானே!

சுவை இருக்கட்டும், உண்மை இருக்கிறதா என்று கேட்பதல்லவா நம் வழக்கம்? புராணம் நமது வயல்களிலே மட்டும் விளையும் பயிர் அல்ல. பனிப் பாலையிலும் முளைக்கும். இந்த நூற்றாண்டிலும் கதிர் தள்ளும். ஆகவே இதையும் புடைத்துப் பார்ப்போம்.

சாவைத் தடுக்கும் சட்டம் அங்கே இல்லை. இருப்பது இவ்வளவுதான்: அந்த ஊரின் சிறிய இடுகாட்டில் 1950க்குப் பிறகு சவப்பெட்டிகளைப் புதைப்பதில்லை. காரணம், கடவுளும் அல்ல, கட்டளையும் அல்ல, மண். கோடையில் மேல்மண் மட்டுமே இளகும். அதற்குக் கீழே ஆண்டு முழுதும் நிலம் கல்லாக உறைந்து கிடக்கும். மேல்மண் உறைவதும் இளகுவதுமாக இருக்கையில், புதைத்த பெட்டியை ஆண்டுக்கு ஆண்டு சிறிது சிறிதாக மேலே தள்ளும். உறைமண்ணிலே கிடக்கும் உடலோ எளிதில் மக்குவதில்லை. எரித்த சாம்பலைத் தாழியிலிட்டுப் புதைக்க விரும்பினால் இசைவு கேட்டுப் பெறலாம்.

1918ஆம் ஆண்டு உலகைச் சூறையாடிய நச்சுக் காய்ச்சலுக்கு இரையான இளைஞர் எழுவர் அந்த இடுகாட்டில் கிடக்கிறார்கள். கூலி தேடிச் சுரங்கத்துக்கு வந்தவர்கள். 1998இல் கிர்ஸ்டி டங்கன் என்ற கனடா நாட்டு அம்மையாரின் தலைமையில் ஆராய்ச்சியாளர் சென்று அந்தக் குழிகளைத் தோண்டினர். உறைமண் அந்தக் கிருமியைக் கெடாமல் காத்து வைத்திருக்கும் என்பது எதிர்பார்ப்பு. எதிர்பார்த்ததைவிட மேலேயே கிடந்தன பெட்டிகள். உயிருள்ள கிருமி அகப்படவில்லை. எமனுக்குத் தடை என்ற கதைக்கு மூலம் இந்த மண்தான். (இன்னொன்றையும் சொல்லிவிடுவோம். எமனுக்கு இல்லாத தடை அந்த ஊரில் பூனைக்கு உண்டு! பறவைகளைக் காப்பதற்காகப் பூனை வளர்க்கக் கூடாதென்று உண்மையாகவே விதி இருக்கிறது.)

புராணம் சரிந்தது. இத்துடன் கைதட்டிவிட்டுப் போகலாம். ஆனால், பொய்யை நீக்கியதும் அதன் பின்னே நிற்கும் மெய்யையும் பார்ப்பதுதானே பகுத்தறிவு! பார்க்கிறோம், அந்த மெய் பொய்யைவிடக் கடுமையாக இருக்கிறது. அந்த ஊரிலே முதியோர் இல்லம் கிடையாது. மூப்பிலே தளர்ந்து, பிறர் கைத்தாங்கல் தேவைப்படும் நாள் வந்ததும் அவர் ஊரை விட்டுப் போக வேண்டும். சிறிய மருத்துவமனை ஒன்று உண்டு. நெடுநோயாளிக்கு அங்கே இடமில்லை. கருவுற்ற பெண், பேறு காலத்துக்குச் சில வாரங்கள் முன்பே கடல் தாண்டிப் பெருநிலம் போய்விட வேண்டும். தன்னைத் தானே பேணிக்கொள்ளும் பொருள் இல்லாதவரை ஊரை விட்டு அனுப்ப ஆளுநருக்கு அதிகாரம் தருகிறது 1995ஆம் ஆண்டின் விதி ஒன்று. இறக்கக் கூடாதென்று சட்டம் இல்லை, தோழரே. தளரக் கூடாதென்று இருக்கிறது.

இது சரிதானா என்று கேட்கப் புகுமுன், அந்த ஊரின் சிறப்பையும் சொல்லிவிட வேண்டும். நம்மைப் போன்றவர்கள் கேட்டால் நெஞ்சு நிமிரக் கூடிய சிறப்பு அது.

லாங்யியர்பியனுக்குத் தலபுராணம் இல்லை. ஆதிகுடி என்று நெஞ்சு தட்டுவோர் அங்கே எவருமில்லை. 1596இல் பேரண்ட்சு என்ற டச்சு மாலுமி அந்தத் தீவுகளைக் கண்டபோது மனிதர் வாழவில்லை. பின்னர் திமிங்கிலம் பிடிக்க வந்தார்கள், போனார்கள். மென்மயிர்த் தோலுக்காக விலங்கு பிடிக்க வந்தார்கள், போனார்கள். 1906இல் ஜான் மன்ரோ லாங்யியர் என்ற அமெரிக்க முதலாளி நிலக்கரி தோண்ட வந்தார், ஊர் பிறந்தது. அவர் பெயரே ஊருக்கும் பெயராயிற்று. 1916இல் சுரங்கம் நார்வேக் கும்பினி ஒன்றின் கைக்கு மாறியது. ஆக, முப்பாட்டன் பெயரைச் சொல்லி முதல் மரியாதை கேட்க ஒருவராலும் முடியாத ஊர்!

1920ஆம் ஆண்டு பிப்ரவரி 9ஆம் நாள் பாரிசில் ஓர் உடன்படிக்கை கையொப்பமாயிற்று. தீவுகள் நார்வேயின் ஆட்சிக்கு உட்பட்டவை. ஆனால், கையொப்பமிட்ட நாடுகளின் குடிமக்கள் அனைவரும் அங்கே சென்று தொழில் செய்ய நார்வே மக்களுக்கு உள்ள உரிமையையே பெறுவர். கடற்படைத் தளமோ கோட்டை கொத்தளமோ அங்கே கூடாது என்றது அந்த உடன்படிக்கை. நம்மை ஆண்ட வெள்ளையர் இந்தியாவின் பேராலும் அதில் ஒப்பமிட்டனர். இன்று கையொப்பமிட்ட நாடா, இடாத நாடா என்றுகூட நார்வே பார்ப்பதில்லை. எந்த நாட்டவரும் விசா இல்லாமல் அந்தத் தீவில் குடியேறலாம். போகும் வழியில் நார்வேயின் பெருநிலத்தில் இறங்கி ஏற வேண்டியிருப்பதால், அதற்குத்தான் விசா தேவைப்படுவோருக்குத் தேவைப்படும். தீவுக்கு வேண்டாம்.

எண்ணிப் பாருங்கள்! எந்த ஊரில் பிறந்தாய், எந்த நிறம், எந்த மதம் என்று கேட்டு வேலி போடும் உலகம் இது. ஆண்டுதோறும் அந்த வேலி உயர்ந்துகொண்டே போகும் உலகம். அதில் இப்படி ஒரு வாசல் தாழ்ப்பாள் இன்றி இருக்கிறது. ஏறத்தாழ 2,500 பேர் வாழும் ஊரில் 50க்கும் மேற்பட்ட நாட்டினர். மூன்றில் ஒரு பங்குக்கு மேல் அயல்நாட்டார். நார்வேக்காரருக்கு அடுத்தபடியாக அங்கே மிகுந்திருப்பவர் யார்? தாய்லாந்து மக்களும் பிலிப்பைன்ஸ் மக்களும்! வெப்பமண்டலத்தில் பிறந்தவர்கள், வட அகலாங்கு 78இல் வீடு கூட்டிச் சமைத்துப் பிள்ளை வளர்க்கிறார்கள்.

எத்தகைய இடத்தில் தெரியுமா? அக்டோபர் இறுதியில் மறையும் ஞாயிறு பிப்ரவரி நடுவரையில் அடிவானத்துக்கு மேலே வராது. அந்தக் காலத்தின் நடுப்பகுதியில் நண்பகலும் நள்ளிரவும் ஏறத்தாழ ஒரே கருமை. பிப்ரவரியில் வானத்துக்கு வந்த பிறகும், மலை மறைப்பதால் ஊருக்குள் ஒளி விழுவதில்லை. மார்ச் 8ஆம் நாள் வாக்கில்தான் பழைய மருத்துவமனை இருந்த இடத்துப் படிக்கட்டில் முதல் கதிர் படும். ஊரே அங்கே திரண்டு நிற்கும். குழந்தைகள் ஞாயிற்றைக் கூவி அழைப்பார்கள். கூவாவிட்டாலும் வரும் என்பது கூவும் குழந்தைக்கும் தெரியும். ஆகவே இந்தத் திருவிழாவின் மீது நமக்குக் குறையில்லை. பிறகு ஏப்ரல் பிற்பகுதி முதல் ஆகஸ்டு பிற்பகுதி வரையில் ஞாயிறு மறைவதே இல்லை. வீடுகள் கால்களின் மீது நிற்கின்றன. தரையோடு கட்டினால் வீட்டின் வெப்பம் உறைமண்ணை இளக்கிச் சுவரைச் சாய்த்துவிடும். ஊர் எல்லையைத் தாண்டினால் பனிக்கரடி. அதை விரட்டும் கருவி கையில் இல்லாமல் போகக் கூடாது. விடுதியிலும் அருங்காட்சியகத்திலும்கூடக் காலணியைக் கழற்றிவிட்டுத்தான் நுழைகிறார்கள். கோயில் என்பதால் அல்ல! சுரங்கத் தொழிலாளர் கரித்தூளை வீட்டுக்குள் கொண்டு வராதிருக்கச் செய்த பழக்கம், சுரங்கத்தையும் தாண்டி நிற்கிறது.

2015 டிசம்பர் 19ஆம் நாள் ஊரை ஒட்டிய மலையிலிருந்து பனி சரிந்து, பத்துக்கும் மேற்பட்ட வீடுகளைப் பெயர்த்துத் தள்ளியது. இருவர் மாண்டனர்; அவர்களில் ஒன்று குழந்தை. அந்த இருட்டிலே ஊர் மக்கள் மண்வெட்டியுடன் ஓடி வந்து தோண்டினார்கள். அந்த நேரத்தில் குடிமகன், அயலான் என்று யார் பட்டியல் பார்த்திருப்பார்கள்?

இவ்வளவும் சொன்னதால் அது சமத்துவபுரி என்று எவரும் எண்ணிவிட வேண்டாம். பிறப்பால் பேதம் பேச முடியாத இடத்திலும் பேதம் பேச மனிதர் வேறு வழி கண்டார்கள். சுரங்கக் கும்பினி அங்கே தன் நோட்டைத் தானே அச்சிட்டுப் புழங்கவிட்டது. அது ஏறத்தாழ 1980 வரையில் நீடித்தது. அதிகாரிகளுக்குத் தனி விடுதி, தனிச் சாப்பாட்டுக்கூடம். மதுவிலும் வருணாசிரமம்! பீருக்கும் கடுமதுவுக்கும் மாத அளவு குறித்த சீட்டு. வைனுக்கு அத்தகைய அளவு கிடையாது. சீட்டில் அடங்கியது தொழிலாளி குடிப்பது. அடங்காதது அதிகாரி குடிப்பது. நூல் அணிந்தால்தான் மேல்சாதி என்பதில்லை, தோழரே. கோப்பையின் வடிவத்திலும் சாதி குடியிருக்கும்.

அந்தக் கும்பினிக் காலம் போயிற்று. நிலக்கரியை எரித்து மின்சாரம் தந்த நிலையம் 2023இல் நின்றது, டீசல் வந்தது. நார்வேக்காரரின் கடைசிச் சுரங்கமும் 2025இல் மூடப்பட்டது. இன்று ஊரின் பிழைப்பு ஆராய்ச்சியும் பல்கலைக்கழகக் கூடமும் சுற்றுலாவும். சுற்றுலா என்றால் பனியைப் படம் பிடிக்க வருவோர் மட்டுமல்ல. அவர்கள் படுத்த படுக்கையை மாற்றுவோரும், உண்ட தட்டைக் கழுவுவோரும், வழிகாட்டிச் செல்வோரும் உண்டு. அவர்களில் பெரும்பகுதி அயல்நாட்டார்.

இப்போது நமது கேள்விக்கு வருவோம். 'யாரும் வரலாம், ஆனால் தன் காலில் நிற்கும் வரையில்தான் இருக்கலாம்' என்பது சமத்துவமா?

ஆம் என்பார் ஒருவர். அவர் சொல்லும் நியாயத்தை நாம் குறைத்துச் சொல்லப் போவதில்லை. அத்தனை தொலைவில், அத்தனை குளிரில், முழு மருத்துவமனையும் முதியோர் இல்லமும் நடத்துவது பெரும் செலவு. விதி நார்வேக்காரருக்கும் ஒன்றுதான், தாய்லாந்துக்காரருக்கும் ஒன்றுதான். தளர்ந்தால் இருவரும் போக வேண்டியவர்களே. வரும்போதே தெரிந்துதான் வருகிறார்கள். வற்புறுத்தி அழைத்தவர் யாருமில்லை. இவை அவர் வாதங்கள்.

விதி ஒன்றுதான், ஒப்புகிறோம். விழுகிற இடம் ஒன்றா? நார்வேக்காரர் தளர்ந்து பெருநிலம் திரும்பினால், அங்கே அவரது நகராட்சி அவரை ஏற்கிறது. மருத்துவம் உண்டு, முதுமைக்குப் பாதுகாப்பு உண்டு. உலகிலே மெச்சத்தக்க மக்கள்நல ஆட்சிகளில் ஒன்று கை நீட்டி நிற்கிறது. அதே ஊரில் இருபது ஆண்டு தட்டுக் கழுவிய தாய்லாந்துப் பெண்மணி தளர்ந்தால்? அவர் சுவால்பார்டில் கழித்த ஆண்டுகள், நார்வேயில் நிலையாகக் குடியிருக்கும் உரிமைக்குக் கணக்கில் வருவதில்லை. பெருநிலத்துக் கதவு அவருக்கு அயலான் கதவாகவே இருக்கிறது. அவர் திரும்ப வேண்டியது, இளமையில் விட்டு வந்த நாட்டுக்கு. இருவரையும் ஒரே உயரத்திலிருந்து தள்ளிவிட்டு, 'பாருங்கள், சமமாகத் தள்ளினோம்!' என்றால், ஒருவருக்குக் கீழே மெத்தை இருந்தது, மற்றவருக்குக் கீழே பாறை இருந்தது என்பதையும் சேர்த்தல்லவா கணக்குப் பார்க்க வேண்டும்? 2020இல் கொள்ளைநோய் பரவிச் சுற்றுலா நின்றபோது இது வெட்டவெளிச்சமாயிற்று. வேலையிழந்த அயல்நாட்டார் எந்த நாட்டுப் பாதுகாப்பு வளையத்துக்குள்ளும் இல்லாமல் நின்றனர். அரசு தற்காலிக உதவி ஒன்றை அவசரமாக ஏற்பாடு செய்ய வேண்டியிருந்தது.

'தெரிந்துதானே வந்தார்கள்' என்பது பழைய வாதம். கூலி குறைவென்று தெரிந்துதானே வேலைக்கு வந்தான் என்று ஆலை முதலாளி கேட்ட கேள்வியே அது; ஊர் மாறியிருக்கிறது, உரு மாறவில்லை. தெரிந்து வந்தவருக்கும், வந்த பிறகு பல்லாண்டு உழைத்ததால் ஓர் உரிமை முளைக்கிறதா இல்லையா என்பதே வினா. முளைக்கிறது என்பது நம் எண்ணம். பிறந்த மண்ணென்று சொல்ல ஒருவருக்கும் வாய்ப்பில்லாத ஊரில், ஊருக்கு உரியவர் யார் என்பதைத் தீர்மானிக்க வேறு அளவுகோல் ஏது? வாழ்ந்ததும் உழைத்ததும்தான். பனிச்சரிவில் அந்த ஊரோடு சேர்ந்து புதையக் கூடியவர், அந்த ஊருக்கு உரியவர்.

நார்வே அரசு வேறு அளவுகோலை எடுத்தது. 2002இல்தான் லாங்யியர்பியனுக்கு அதிகாரமுள்ள ஊரவை அமைந்தது. மூன்றாண்டு அங்கே வாழ்ந்த அயல்நாட்டாரும் அதற்கு வாக்களித்தனர்; போட்டியிடவும் செய்யலாம். 2022இல் விதி மாறியது. அயல்நாட்டார் ஒருவர் நார்வேயின் பெருநிலத்து நகராட்சி ஒன்றில் மூன்றாண்டு வாழ்ந்திருந்தால்தான் லாங்யியர்பியனில் வாக்கு உண்டு என்றாக்கினர். நூற்றுக்கணக்கானோர் ஒரே நாளில் வாக்கிழந்தனர். சில திங்களுக்கு முன் வந்து குடியேறிய நார்வேக் குடிமகனுக்கு வாக்கு உண்டு. பல்லாண்டு வாழ்ந்து, பிள்ளையை அதே ஊர்ப் பள்ளிக்கு அனுப்பிக்கொண்டிருக்கும் பிலிப்பைன்ஸ் நாட்டவருக்கு இல்லை. நார்வேயின் மற்ற நகராட்சிகளிலே மூன்றாண்டு வாழ்ந்த அயல்நாட்டார் வாக்களிக்கிறார்கள் என்பதையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும்.

அரசு சொன்ன காரணம்: ஊரின் பெரும் செலவைப் பெருநிலத்து வரிப்பணம் தாங்குகிறது, ஊரை நடத்துவோருக்குப் பெருநிலத்தோடு தொடர்பும், சுவால்பார்டு ஆட்சிக் கொள்கையில் தெளிவும் வேண்டும். சொல்லாத காரணமும் ஒன்று உண்டென்று நாம் கருதுகிறோம்: அச்சம். பக்கத்துப் பேரன்ட்சுபர்க்கில் ரஷ்யர் சுரங்கம் வைத்திருக்கிறார்கள்; வடகடலில் பனி உருக உருக வல்லரசுகளின் கண் அங்கே திரும்புகிறது; 1943இல் செர்மன் போர்க்கப்பல்கள் அந்த ஊரைச் சுட்டெரித்ததை நார்வே மறந்திருக்க முடியாது. சிறு நாட்டின் அச்சத்தை எள்ளி நகையாட நாம் தயாரில்லை. ஆனால், வல்லரசுக்கு அஞ்சி வாக்குச் சீட்டைப் பிடுங்கியது யாரிடமிருந்து? விடுதியில் படுக்கை விரிப்பவரிடமிருந்தும், வழிகாட்டியிடமிருந்தும், ஆராய்ச்சி மாணவரிடமிருந்தும்! அந்த ஊரவை வெளிநாட்டுக் கொள்கை வகுப்பதில்லை. பனிச்சரிவுத் தடுப்பு, குழந்தைக் காப்பகம், பள்ளி, தண்ணீர், சாலை: இவையே அதன் வேலை. பனி எந்த வீட்டின் மீது சரியும் என்று ஆராயும் அவையிலே, அந்த வீட்டில் குடியிருப்பவர் கை தூக்கினால் நாட்டின் ஆட்சியுரிமை ஆட்டங்கண்டுவிடுமா?

'நிலையாக இருப்பவர்கள் அல்லர். சில ஆண்டில் போய்விடுவோர்' என்றும் சொல்கிறார்கள். நார்வேக்காரரும் அப்படித்தான் சில ஆண்டில் போகிறார்கள். அவருக்கு மட்டும் அந்தக் குறை குறையாகப் படவில்லை. மேலும், ஒருவர் ஏன் நிலைத்திருக்கவில்லை? முதுமைக்கு இடமில்லை, நோய்க்கு இடமில்லை, வறுமைக்கு இடமில்லை என்று வரிசையாகக் கதவடைத்துவிட்டு, நிலைத்திருக்கவில்லை என்பதையே குற்றமாகச் சாட்டுவது எந்த நீதி?

மூன்றாண்டு பெருநிலத்தில் வாழ்ந்துவிட்டு வா என்கிறது விதி. பெருநிலத்தில் வாழ, தாய்லாந்துக்காரருக்கு அனுமதிச் சீட்டு வேண்டும். அந்தச் சீட்டு கேளாத ஒரே இடம் சுவால்பார்டு என்பது, பலரை அங்கே இழுத்த காரணங்களில் ஒன்று. புதிய விதிப்படி முதல் தேர்தல் 2023இல் நடந்து முடிந்தது. அடுத்தது 2027இல். விடுதிகளிலே அன்றும் படுக்கை விரிக்க வேண்டியிருக்கும். வாக்குச் சாவடிக்கு விடுப்புக் கேட்க வேண்டிய தேவை மட்டும் அவர்களில் பலருக்கு இராது.